133 மில்லி விநாடி: ஒரு கிட்டார் ஒலியைத் தேடிய மூன்று நாள்கள்

பின்னணி

வட இங்கிலாந்தில், மூடிப்போன ஒரு நெசவாலையின் இரண்டாம் மாடியில் நானும் என் கூட்டாளியும் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்துகிறோம். ஒரு பெரிய அறை, ஒரு தடுப்பறை, ஒரு கட்டுப்பாட்டு அறை; அவ்வளவுதான். பிப்ரவரி மாதத்தில் நான்கு பேர் கொண்ட ராக்கபில்லி (1950-களில் ப்ளூஸும் நாட்டுப்புற இசையும் கலந்து பிறந்த ஆதி ராக் இசை) குழு ஒன்று எங்களை அணுகியது. பாடகர் அக்குஸ்டிக் கிட்டாரும் வாசிப்பார். அவருடன் முன்னணி கிட்டார் கலைஞர், டபுள் பாஸ் வாசிப்பவர், டிரம்ஸ் வாசிப்பவர் ஆகிய மூவர். எல்லோரும் வார நாள்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். சனிக்கிழமை இரவுகளில் நடன அரங்குகளில் வாசித்துத் தங்களுக்கென்று ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

சொந்தப் பாடல்கள் மூன்றைப் பதிவு செய்து, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்றார்கள். பாடல்கள் தயாராக இருந்தன. பணம் மூன்று நாள்களுக்கு மட்டுமே இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: கிட்டார், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சன் நிறுவனம் 1950-களில் வெளியிட்ட பதிவுகளில் ஒலிப்பதுபோல ஒலிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இரண்டு தடங்களை அனுப்பினார்கள். ஒன்று, 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி பதிவு செய்த ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’. மற்றது, சரியாக ஓராண்டு கழித்து அவரே அதே அறையில் பதிவு செய்த ‘மிஸ்டரி ட்ரெயின்’. இரண்டிலும் கிட்டார் வாசித்தவர் ஸ்காட்டி மூர், டபுள் பாஸ் வாசித்தவர் பில் பிளாக், பதிவு செய்தவர் சாம் பிலிப்ஸ். “இந்த ஒலிதான்” என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். ஒருமையில் எழுதியிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. பிற்பாடு நேர்ந்த குழப்பத்தில் பாதிக்கு அந்த ஒருமையே காரணம்.

அவர்களின் மாதிரிப் பதிவில் கேட்டவை

எடுத்துக்காட்டுகளுடன், வீட்டில் தாங்களே செய்த மாதிரிப் பதிவு ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். கிட்டார் கலைஞர் கைதேர்ந்தவர். சுரங்களில் பிழை என்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தக் கிட்டார் 1954-ஐச் சேர்ந்ததாக இல்லை. 1980-களில் ராக்கபில்லி மறுபடி எழுந்தபோது வந்த இசைத்தட்டுகளின் பளபளப்பு அதில் இருந்தது.

எங்கே பிசகுகிறது என்று மூன்று குறிப்புகள் எழுதிக்கொண்டேன். முதலாவது, ஒலியில் உரசல் அதிகம். ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) தாங்கும் அளவைத் தாண்டி முறுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, எதிரொலி கிட்டாருக்கு மட்டும் இருந்தது. குரல் காய்ந்த நிலத்தில் நின்று பாடுவதுபோல இருந்தது. மூன்றாவது, எதிரொலியின் நேரம் பாட்டின் தாளத்தோடு பிசிறின்றிப் பொருந்தியிருந்தது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 176 அடி. அதாவது ஓர் அடிக்கு 341 மில்லி விநாடி, அரை அடிக்கு 170. அவர்களுடைய மென்பொருள் எதிரொலியை அந்த 170-இல் பூட்டி வைத்திருந்தது.

மூன்றாவது குறிப்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். தாளத்தோடு பொருந்துவது எப்படிக் குறையாகும் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

முதல் நாள்: கருவிகள் மேல் வைத்த நம்பிக்கை

முதல் நாளின் தவறுகள் பெரும்பாலும் என்னுடையவை. எல்லா விதமான இசைக்கும் நான் செய்வதையே இங்கும் செய்தேன். டிரம்ஸைப் பெரிய அறையில் வைத்தேன். கிட்டார் ஆம்பைத் தடுப்பறைக்குள் அடைத்து, ஸ்பீக்கரிலிருந்து நான்கு விரல் இடைவெளியில் மைக்கை நிறுத்தினேன். டபுள் பாஸைத் திரைகளுக்குப் பின்னால் ஒதுக்கினேன். எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன். ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்தில் இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதே என் கணக்கு. மூன்று நாளில் மூன்று பாடல்களை முடித்தாக வேண்டியிருந்தபோது அது நியாயமான கணக்காகவே தோன்றியது.

ஒலிக்காகச் செய்ததெல்லாம் கருவியை மாற்றியதுதான். கிட்டார் கலைஞர் கொண்டுவந்தது ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை இரட்டைச் சுருளால் மின்குறியாக்கும் பகுதி) பொருத்திய, உள்ளீடற்ற உடல் கொண்ட கிட்டார். ஹம்பக்கரைக் கிப்சன் தன் கிட்டார்களில் பொருத்தத் தொடங்கியது 1957-இல். ஸ்காட்டி மூர் 1953-இல் வாங்கிய தங்கநிற கிப்சன் இஎஸ்-295-இல் இருந்தவை அதற்கு முந்தைய பி-90 வகை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். நண்பர் ஒருவரிடமிருந்து பி-90 பொருத்திய கிட்டார் ஒன்றை இரவல் வாங்கினோம். 40 வாட் ஆம்பை ஒதுக்கிவிட்டு, பழைய ஃபெண்டர் டிலக்ஸின் சுற்றை ஒட்டிச் செய்த சிறிய ஆம்பை எடுத்தோம். இரண்டு 6வி6 வால்வு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், பத்துப் பன்னிரண்டு வாட் சக்தி. 1954 பதிவுகளில் ஸ்காட்டி மூரிடம் இருந்ததும் 1952-ஆம் ஆண்டு டிலக்ஸ்தான்.

மாலைக்குள் ஒரு பாடலைப் பன்னிரண்டு முறை பதிவு செய்தோம். கிட்டார் முன்பைவிட நன்றாகவே ஒலித்தது. ஆனால் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யைப் பக்கத்தில் ஓடவிட்டதும் எல்லோர் முகமும் வாடியது. சரியான கிட்டார், சரியான ஆம்ப், ஏறக்குறைய சரியான சுரங்கள். ஒலி மட்டும் இல்லை. பாடகர் எதுவும் பேசாமல் தேநீர் போடப் போய்விட்டார்.

அன்று இரவு: இரண்டு தடங்கள், இரண்டு ஒலிகள்

எல்லோரும் போன பிறகு, நானும் கூட்டாளியும் எடுத்துக்காட்டுத் தடங்களை நள்ளிரவு வரை திரும்பத் திரும்பக் கேட்டோம். முதல் நாளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

1954 தடத்தில் குரலுக்குப் பின்னால் வரும் எதிரொலிக்கும் கிட்டாருக்குப் பின்னால் வருவதற்கும் ஒரே இடைவெளி. அப்படியென்றால் எதிரொலி கிட்டாரில் பிறக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில், எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு பிறக்கிறது. அதன் செய்முறை பரவலாகத் தெரிந்ததே. மெம்பிஸ் யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்தில் சாம் பிலிப்ஸிடம் ஆம்பெக்ஸ் 350 நாடாக் கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்று பாட்டைப் பதிவு செய்யும். மற்றொன்றில் அதே ஒலி பதிவாகி, சற்றுத் தள்ளி அமைந்த படிக்கும் தலையை எட்டியதும் மறுபடி கலவைக்குத் திரும்பும். பதிவுத் தலைக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே நாடா ஏறத்தாழ இரண்டு அங்குலம் நகர வேண்டும். நாடாவின் வேகம் விநாடிக்கு 15 அங்குலம். வகுத்தால் 133 மில்லி விநாடி. ஸ்லாப்பேக் என்று இசைக்காரர்கள் சொல்வது இந்த ஒற்றை எதிரொலியைத்தான்: ஒருமுறை திரும்பி வரும், பிறகு வராது.

பாட்டு வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அந்த எண் மாறாது. அதைத் தீர்மானிப்பது எந்திரம். தாளத்துக்கு அதில் பங்கே இல்லை. என் கேள்விக்குறிக்கு விடை அங்கே கிடைத்தது. அவர்களின் மாதிரிப் பதிவில் எதிரொலி அரை அடியில், அதாவது டபுள் பாஸின் தந்தி பலகையில் அறையும் அதே கணத்தில், வந்து விழுந்தது. அந்தத் தந்திச் சத்தத்துக்குள் மறைந்தும் போனது. 133-இல் வருவது அரை அடிக்கு ஒரு நூலிழை முன்னதாக விழுகிறது. அந்த அவசரம்தான் பழைய பதிவுகளில் நமக்குத் துள்ளலாகக் கேட்கிறது.

‘மிஸ்டரி ட்ரெயின்’ வேறு கதை. 1955-இல் ஸ்காட்டி மூர், இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரைச் சேர்ந்த ரே பட்ஸ் என்பவர் செய்த எக்கோசோனிக் ஆம்பை வாங்கினார். நாடா எதிரொலி ஆம்புக்குள்ளேயே அமைந்த கருவி அது. நாட்டுப்புற கிட்டார்காரர் செட் ஆட்கின்ஸிடம் அப்படி ஒன்று இருந்ததைக் கேட்டுத்தான் இவரும் வாங்கினார். அந்த ஜூலை பதிவில் கிட்டாரின் எதிரொலி ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. வாசிப்பவர் காதிலும் விழுகிறது. 1954-இல் அப்படியில்லை. அப்போது அறைக்குள் இருந்தவர்களுக்கு எதிரொலியே கேட்காது. பதிவைத் திரும்ப ஓட்டும்போதுதான் தெரியவரும். எதிரொலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்கும் கையும் கேட்காமல் வாசிக்கும் கையும் ஒன்றாக இயங்குவதில்லை. முன்னது இடைவெளி விட்டுக் காத்திருக்கும். பின்னது வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டே போகும்.

ஆக, குழுவினர் ஒரே ஒலி என்று நினைத்துக் கேட்டது இரண்டு ஒலிகளை. ஆம்ப் மாறியிருக்கிறது, கிட்டாரும் கிப்சன் எல்-5 ஆகிவிட்டது, வாசிக்கும் முறையும் மாறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கலந்தால் எதுவும் கிடைக்காது.

உரசல் குறித்தும் தெளிவு வந்தது. ஆதிகால ராக் அண்ட் ரோல் என்றாலே கிழிந்த ஸ்பீக்கர்தான் என்றொரு நம்பிக்கை உண்டு. அதற்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. 1951-இல் இதே சாம் பிலிப்ஸின் அறையில்தான் ‘ராக்கெட் 88’ என்ற பாட்டு பதிவானது. அதில் கிட்டார் வாசித்த வில்லி கிசார்ட்டின் ஆம்ப் வழியில் சேதமாகியிருந்ததால் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பு அப்படியே இசைத்தட்டில் ஏறியது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆனால் ஸ்காட்டி மூரின் 1954 ஒலி அப்படிப்பட்டதல்ல. அது பெரும்பாலும் சுத்தமான ஒலி. விளிம்பில் கேட்கும் சிறு கரடு, வால்வுகளும் நாடாவும் நிறைந்து வழியும் இடத்தில் பிறப்பது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தத் தடத்தில் டிரம்ஸ் இல்லை. எனக்கு அது எப்போதோ தெரிந்த செய்திதான். ஆனால் காதால் உணர்ந்தது அந்த இரவில். கிட்டார் பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் கிட்டாரில் இல்லை. டிரம்ஸின் உலோகத் தட்டுகளின் சத்தம் இல்லாததால் மேல்சுருதிப் பரப்பு முழுவதும் காலியாகக் கிடக்கிறது. பில் பிளாக் பாஸ் தந்தியை அறைவதுதான் டிரம்ஸ். அக்குஸ்டிக் கிட்டார்தான் தாளத்தட்டு. மீதி இடம் முழுவதும் ஸ்காட்டி மூருடையது.

இரண்டாம் நாள் காலை: எடுத்த முடிவுகள்

காலையில் குழுவினரை உட்காரவைத்து இரண்டு தடங்களையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் விவாதித்து 1954-ஐத் தேர்ந்தார்கள். எக்கோசோனிக் வகை ஆம்ப் எங்களிடம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அதன் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்வது கடினமாக இருந்தது. முதல் இரண்டு பாடல்களில் டிரம்ஸ் வேண்டாம் என்றேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. டிரம்ஸ் வாசிப்பவர் பத்தாண்டுகளாகக் குழுவில் இருப்பவர். “கிட்டாரின் ஒலிக்காக நான் வெளியே உட்கார வேண்டுமா?” என்று ஒருமுறைதான் கேட்டார். நேர்மையான பதில் ‘ஆம்’. அதைச் சொல்லாமல் சுற்றி வளைத்து எதையோ பேசினேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

மற்ற முடிவுகள் எளியவை. திரைகளையும் ஹெட்ஃபோன்களையும் எடுத்துவிட்டு, மூவரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாசிப்பது; கலவையை ஒற்றைத் தடத்தில் அப்போதே முடிப்பது; பிழை வந்தால் முழுப் பாட்டையும் மறுபடி வாசிப்பது. கூட்டாளிக்குக் கடைசி முடிவில் விருப்பமில்லை. பாதுகாப்புக்காகத் தனித்தடங்களையும் கூடவே பதிவு செய்யலாம் என்றார். அப்படிச் செய்தால் திருத்தலாம் என்ற எண்ணம் வாசிப்பவர் கைக்கும் தெரிந்துவிடும் என்று நான் மறுத்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதைப் பிற்பாடு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தந்தியும் விரலும்

அன்று முற்பகல் முழுக்கக் கிட்டார் கலைஞரோடு கழிந்தது. அவர் கிட்டாரில் இருந்தவை மெல்லிய 10 அளவுத் தந்திகள். மூன்றாம் தந்தி வெறுங்கம்பி. 1950-களின் முற்பாதியில் கடையில் கிடைத்தவை தடித்த தந்திகள். மூன்றாம் தந்தி சுற்றுக்கம்பியாகவே வரும். மெல்லிய தந்திகள் தனித் தொகுப்பாகச் சந்தைக்கு வந்தது அடுத்த பத்தாண்டில்தான். நிக்கல் சுற்றிய 12 அளவுத் தந்திகளைப் போட்டோம். வித்தியாசம் அந்த நொடியே கேட்டது. தடித்த தந்தி அவ்வளவாக வளையாது. அதனால் சுரத்தை இழுத்துக் குழைக்கும் நவீனப் பழக்கம் தானாக விட்டுப்போனது. சுரங்கள் குட்டையாகவும் கனமாகவும் விழுந்தன. பிக்கப்பைத் தந்தியிலிருந்து சற்றுத் தாழ்த்தினோம். ஆம்பின் ஒலிப்புக் குமிழில் 12 வரை எண்கள் உண்டு. முதல் நாள் 8-இல் இருந்ததை 3-க்கு இறக்கினோம்.

விரல்தான் சிக்கல். ஸ்காட்டி மூர் கட்டைவிரலில் மாட்டும் பிக்கும் (தந்தியை மீட்டும் வில்லை) மற்ற விரல்களும் கொண்டு வாசித்தவர். மெர்ல் டிராவிஸ், செட் ஆட்கின்ஸ் வழியில் வந்த முறை அது. கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, விரல்கள் மேலே மெட்டைப் பறிக்கும். எங்கள் கலைஞர் இருபது ஆண்டுகளாகத் தட்டையான பிக்கில் வாசித்துப் பழகியவர். கட்டைவிரல் பிக்கை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினார். கை கேட்கவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது, எனக்கும் வந்தது.

முடிவில் சமரசம் ஒன்று செய்துகொண்டோம். தட்டை பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, நடுவிரலாலும் மோதிர விரலாலும் மேல்தந்திகளைப் பறிப்பது. நாட்டுப்புற கிட்டார்காரர்களிடையே புழங்கும் முறைதான். அவருக்கும் ஓரளவு தெரியும். மூல ஒலியில் முக்கால் பங்கு அதில் கிடைத்தது. மீதிக் கால் பங்கைத் தனித்தனி வாக்கியங்களில் இன்றும் என்னால் சுட்டிக்காட்ட முடியும். கட்டைவிரல் பிக் கீழ்த்தந்தியில் எழுப்பும் அந்தத் ‘தக்’ எங்கள் பதிவில் இல்லை.

பிற்பகல்: அறைக்குள் மூவர்

சாம் பிலிப்ஸின் அறை பெரியதல்ல. சுமார் 18 அடி அகலம், 30 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளம். சுவரிலும் கூரையிலும் ஒலி உறிஞ்சும் ஓடுகள். எங்கள் பெரிய அறையும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் செங்கல் சுவர்கள். கம்பளிகளையும் மெத்தைகளையும் இரண்டு சுவரில் தொங்கவிட்டோம்.

பாடகருக்கு ஒரு ரிப்பன் மைக். அவர் குரலும் கையிலிருந்த கிட்டாரும் அதிலேயே விழும்படி. டபுள் பாஸுக்கு ஒன்று. கிட்டார் ஆம்புக்கு ஒன்று, ஸ்பீக்கரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. மொத்தம் மூன்றே மைக். ஒவ்வொன்றிலும் மற்ற இருவரின் ஒலியும் கசிந்தது. முதல் நாள் நான் சுவர் வைத்துத் தடுத்த அதே கசிவு.

சமநிலையைக் குமிழ்களால் சரிசெய்ய முயன்றபோது தோற்றேன். கிட்டாரை ஏற்றினால் அதன் மைக்கில் கசிந்த பாஸ் தொலைவில் நின்று ஒலித்தது. எனவே ஆள்களை நகர்த்தினோம். பாஸ் இரண்டு அடி பின்னால் போனார். ஆம்பை நாற்காலி மேல் ஏற்றி, பாடகரின் முதுகுப் பக்கம் திருப்பினோம். பாடகர் மைக்கை நெருங்கினார். தரையில் ஒட்டிய வெள்ளை நாடாத் துண்டுகள்தான் அன்று எங்கள் கலவை மேசை. இதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று நாளில் மிகப் பயனுள்ள இரண்டு மணி நேரம் அதுவே.

ஹெட்ஃபோன் இல்லாததால் இன்னொன்றும் நடந்தது. பாடகர் பாடும்போது கிட்டார் கலைஞர் தானாகவே மெதுவாக வாசித்தார். இல்லையென்றால் அவருக்குப் பாட்டு கேட்காது. பாடகர் நிறுத்திய இடத்தில் சத்தமாக எழுந்தார். பழைய தடங்களில் குரலும் கிட்டாரும் மாறி மாறி முன்வருவது எந்தக் குமிழாலும் செய்ததல்ல என்று அப்போது புரிந்தது.

எதிரொலி

எங்களிடம் இருந்த பழைய நாடாக் கருவியில் பதிவுத் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடைவெளி 3.2 சென்டிமீட்டர், அளவுகோல் வைத்து அளந்தேன். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில், அதாவது 38.1 சென்டிமீட்டரில், எதிரொலி 84 மில்லி விநாடியில் வந்தது. குளியலறையில் பாடுவதுபோல நெருக்கம். வேகத்தைப் பாதியாக்கினால் 168. தாளத்தின் அரை அடியை ஒட்டிக்கொள்ளும் அதே பழைய சிக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் அந்தக் கருவியில் இல்லை.

நாடாவுக்குச் செல்லும் ஒலியை முன்கூட்டியே ஒரு டிஜிட்டல் கருவியில் 49 மில்லி விநாடி தாமதப்படுத்தினேன். 49-உம் 84-உம் சேர்ந்து 133. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் எதிரொலிக்கு நிறம் தருவது நாடா. உயர்சுருதிகள் அதில் தேய்ந்து, விளிம்பு மழுங்கித் திரும்பி வருகிறது. அந்த வேலையை நாடாவே செய்தது. டிஜிட்டல் கருவி வெறும் காத்திருப்பு அறை. எதிரொலியை மறுபடி நாடாவுக்குள் அனுப்பவில்லை. ஒரே ஓர் எதிரொலிதான்.

கிட்டாருக்கு மட்டும் அனுப்பாமல், மூன்று மைக்கும் கலந்த மொத்த ஒலியையும் அனுப்பினோம். அளவைக் கூட்டிக்கொண்டே போய், கேட்டவுடன் ‘எதிரொலி’ என்று மனம் சொல்லும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கொஞ்சம் குறைத்தோம்.

இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு நான்காவது முறையாக வாசித்தது முதல் பாடலாக அமைந்தது. திரும்ப ஓட்டியபோது கிட்டார் கலைஞர் தன் வாசிப்பை அடையாளம் காணாதவர்போல ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். அறைக்குள் வாசித்தபோது எதிரொலி அவர் காதில் விழவே இல்லை அல்லவா?

ஓர் இடைக்குறிப்பு. இந்த ஒலியைத் தேடி முதலில் தோற்றவர்கள் நாங்கள் அல்லர். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தம் ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்குக் கைமாறியது. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதிவானபோது பாடகரும் அவரே, கிட்டாரும் பாஸும் அதே கைகள். எதிரொலிக்குக் கட்டடத்தின் நடைவழியைப் பயன்படுத்தினார்கள். கிடைத்தது ஆழமான, வேறொரு ஒலி. பாட்டு பெருவெற்றி பெற்றது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாளும் விளைவும்

இரண்டாம் பாடல் நண்பகலுக்குள் முடிந்தது. அதில் ஒரு கிட்டார் சுரம் தவறு, எல்லோருக்கும் கேட்டது. அதைவிடச் சிறந்த முறை வேறு எதுவும் அமையவில்லை. கூட்டாளி சொன்னபடி தனித்தடங்கள் எடுத்திருந்தாலும் கசிவு காரணமாக அந்தச் சுரத்தைப் பிடுங்கியிருக்க முடியாது. ஆனால் வேறொரு முறையிலிருந்து அந்த ஓர் அடியை ஒட்டியிருக்கலாம். சுரம் இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது.

மூன்றாம் பாடலுக்கு டிரம்ஸ் வாசிப்பவர் திரும்ப வந்தார். ஒரே ஒரு ஸ்னேர் டிரம், அதை அடிக்க ஒரு சோடி பிரஷ் (கம்பித் தூரிகை). தட்டுகள் எதுவும் இல்லை. மற்றவர்களிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார். தனி மைக் வைக்கவில்லை. கிட்டாரின் இடம் குறையவில்லை. மூன்றில் சிறந்த பதிவு அதுதான் என்பது என் கருத்து. பாடகருக்கு முதல் பாடல்தான் பிடிக்கும். டிரம்ஸ் வாசிப்பவரிடம் நான் கருத்து கேட்கவில்லை.

வீணாய்ப்போன முதல் நாளுக்குப் பாதிக் கட்டணம்தான் வாங்கினோம். இசைத்தட்டு மே மாதம் வந்தது.

மறுபடி செய்தால்

ஒரு மாதம் முன்பே கிட்டார் கலைஞருக்குத் தடித்த தந்திகளும் கட்டைவிரல் பிக்கும் அனுப்பி வைப்பேன். இரவல் கிட்டாருக்கும் ஆம்புக்கும் அலைந்த நேரத்தில் அதைச் செய்திருந்தால் காணாமல்போன அந்தக் கால் பங்கு கிடைத்திருக்கலாம். எடுத்துக்காட்டுத் தடங்களைப் பதிவுக்கு முன்பே குழுவினரோடு உட்கார்ந்து கேட்டு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். டிரம்ஸ் வாசிப்பவரிடம் முதல் நாளே தனியாகப் பேசுவேன். பிரஷ் வழி அப்போதே தோன்றியிருந்தால் அவர் இரண்டு பாடல்களுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் தாமதத்தை மாற்ற மாட்டேன். ஒற்றைத் தடப் பதிவைப் பற்றி எனக்கும் கூட்டாளிக்கும் இன்னும் உடன்பாடில்லை.

ஆகஸ்டில் கிட்டார் கலைஞர் தனியாக வந்தார். கட்டைவிரல் பிக்கோடு ஆறு மாதம் பழகியிருந்தார். அதே ஆம்ப், அதே வெள்ளை நாடாத் துண்டு ஒட்டிய இடம். முதல் பாடலை வாசித்தார். நான் வழக்கம்போல எதிரொலியோடு திரும்ப ஓட்டினேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“எதிரொலியை அணைத்துவிட்டு ஒருமுறை போடுங்கள்.”

போட்டேன். கீழ்த்தந்தியில் அந்தத் ‘தக்’ கேட்டது.